வீட்டு ஏசி எப்படி வேலை செய்கிறது: பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று கேரளத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு ஏசி வேலைக்குப் போகும்போது என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. கேள்விகளைக் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். ஏசி விளம்பரங்களில் இருப்பது எல்லா ஊருக்கும் பொதுவான பேச்சு. நம் ஊரின் தட்பவெப்பம் தனி. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கும் சுமார் 30 கி.மீ. அகலமுள்ள கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். மார்ச், ஏப்ரலில் வறண்ட வெயில் 40 டிகிரியைத் தொடும். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் சுவரே வியர்க்கும். ஒரே இயந்திரம் இந்த இரண்டையும் சமாளிக்க வேண்டும். அதனால்தான் அது எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

ஏசி குளிர்ந்த காத்தை எங்கிருந்துங்க கொண்டு வருது?

எங்கிருந்தும் கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றை இழுத்து, அதிலுள்ள சூட்டைப் பிடுங்கி வெளியே தள்ளிவிட்டு, அந்தக் காற்றையே திரும்ப விடுகிறது. ஏசியைப் பற்றி இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கும். திரவம் ஆவியாகும்போது பக்கத்திலிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும் என்பதே காரணம். ஏசிக்குள் இருக்கும் கேஸும் இதைத்தான் செய்கிறது. இப்போது பெரும்பாலான ஏசிகளில் வரும் ஆர்-32 கேஸ், திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் அழுத்தத்தைச் சரியாக வைத்தால் அதை 5 முதல் 10 டிகிரிக்குள் கொதிக்க வைக்கலாம். அறைக்குள் மாட்டியிருக்கும் இன்டோர் யூனிட்டின் காயிலில், அதாவது வளைத்து வளைத்து அடுக்கிய குழாயில், நடப்பது அதுதான். 30 டிகிரி அறைக்காற்று அந்தக் காயில் மேல் படும்போது, உள்ளே ஓடும் திரவம் அந்தச் சூட்டை வாங்கிக் கொதித்து ஆவியாகிறது. சூட்டை இழந்த காற்று சில்லென்று வெளியே வருகிறது.

ஆவியான கேஸ் தடித்த செம்புக் குழாய் வழியாக வெளியிலிருக்கும் கம்ப்ரஸருக்குப் போகிறது. கம்ப்ரஸர் அதை இறுக்கி அழுத்துகிறது. ஆர்-32 என்றால் 130 பிஎஸ்ஐ அழுத்தத்தில் உள்ளே போன கேஸ், கோடைக்காலத்தில் 400 பிஎஸ்ஐக்கு மேல் ஏறி வெளியே வரும். அப்படி அழுத்தும்போது கேஸின் சூடு வெளிவெயிலையும் தாண்டிவிடும். சூடு எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். கேஸ் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் தன் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுக்க முடியும். வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் யூனிட்டின் ஃபேன் காற்றை இழுத்து அந்தக் காயில் வழியாக விடுகிறது, கேஸ் சூட்டை இழந்து மறுபடி திரவமாகிறது. பிறகு கேபிலரி என்கிற மெல்லிய குழாயிலோ எக்ஸ்பான்ஷன் வால்விலோ நெருக்கிப் பிதுங்கி வரும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி, குளிர்ந்து, மீண்டும் அறைக்குள் போகிறது. இதே சுற்றுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒன்றரை டன் ஏசி, முழு வேகத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் கரண்ட் எடுத்து, 5 கிலோவாட்டுக்கு மேல் சூட்டை அறையிலிருந்து நகர்த்துகிறது. கரண்ட் குளிராக மாறுவதில்லை, சூட்டைத் தூக்கிச் சுமக்கிறது. அறையின் சூட்டோடு கம்ப்ரஸரின் சூடும் சேர்ந்து வெளியே போவதால்தான் அவுட்டோர் முன்னால் நின்றால் அனல் அடிக்கிறது. அந்த அனல் நல்ல அறிகுறி. அது அடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ராத்திரி நல்லாக் குளிருது, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏன் குளிர மாட்டேங்குது?

ஏசியின் திறனை அளக்கும்போது வெளிச்சூடு 35 டிகிரி என்று வைத்துத்தான் அளக்கிறார்கள். நம் ஊர் ஏப்ரல் மதியத்தில் மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோருக்குக் கிடைப்பது அதைவிட எவ்வளவோ சூடான காற்று. வெளியே எவ்வளவு சூடோ அதற்கும் மேலே கேஸை ஏற்றினால்தான் சூடு வெளியேறும். கம்ப்ரஸர் அதிகமாகத் திணற, கரண்ட் கூடி, குளிர் குறையும். இது இயந்திரத்தின் குற்றமில்லை.

ஆனால் பாதி வீடுகளில் இந்தக் கஷ்டத்தை நாமே கூட்டிவிடுகிறோம். திருடு போகாமலிருக்க அவுட்டோரைச் சுற்றி நெருக்கமான கிரில் அடித்து, மழை படாமலிருக்க மேலே ஷீட் போட்டு, அழகுக்காக முன்னால் தட்டி வைத்துவிடுகிறார்கள். வெளியே போன அனல் சுற்றிக்கொண்டு மறுபடி பின்பக்கம் உள்ளே போகிறது. 40 டிகிரி காற்றுக்குப் பதில் 50 டிகிரி காற்றை இழுக்கிற இயந்திரம் என்ன செய்யும்? பின்னால் சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் ஒரு சாணாவது இடம் விடுங்கள். முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கட்டும். நிழல் வேண்டுமென்றால் உயரத்தில், காற்று போகும்படி நிழல் கொடுங்கள். அவுட்டோர் மழையில் நனைவதற்காகவே செய்யப்பட்டது. அதை மூடி வைக்கத் தேவையில்லை.

இன்னொன்று, கணவாய்க் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும், மார்கழி தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் அடிக்கிற காற்றின் வேகம் நமக்குத் தெரியும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பது அதனால்தான். அவுட்டோர் ஃபேன் அந்தக் காற்றுக்கு நேர் எதிரே ஊதும்படி மாட்டாதீர்கள். வடக்கு அல்லது தெற்கு பார்த்து மாட்டினால் காற்று குறுக்கே போய்விடும். வடக்குச் சுவர் கிடைத்தால் அதைவிட நல்ல இடமில்லை, வெயிலும் அங்கே குறைவு.

மழைக்காலத்துல வெளிய 27 டிகிரிதான் இருக்கு, அப்பவும் ஏன் கசகசன்னு இருக்குங்க?

நம் உடம்புக்கு வெக்கை தெரிவது வெறும் டிகிரியால் மட்டுமல்ல. வியர்வை காய வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் கொடியில் போட்ட துணியும் காயாது, முதுகு வியர்வையும் காயாது.

ஏசி இரண்டு வேலை செய்கிறது, சூட்டை எடுப்பது ஒன்று, ஈரத்தை எடுப்பது இன்னொன்று. குளிர்ந்த காயில் மேல் ஈரக்காற்று படும்போது நீர் திவலையாகப் படிந்து, தட்டில் இறங்கி, ட்ரெயின் பைப் என்கிற வடிகால் குழாய் வழியாக வெளியே சொட்டுகிறது. சரித்திரத்தைப் பார்த்தால் ஏசி பிறந்ததே இந்த இரண்டாவது வேலைக்காகத்தான். 1902இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் வடிவமைத்த ஏற்பாடுதான் இன்றைய ஏசிக்கு முன்னோடி.

ஈரத்தை எடுப்பது இலவசமில்லை. மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சொட்டுகிறது என்றால் அதைப் பிரித்தெடுக்க மட்டும் ஏறக்குறைய 0.7 கிலோவாட் குளிர்ப்புத் திறன், அதாவது ஒரு டன்னில் ஐந்தில் ஒரு பங்கு, செலவாகிவிடும். ஜூலையில் ஜன்னலைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு ஏசி ஓட்டினால், ஊர்க்காற்றின் ஈரத்தையெல்லாம் பிழிகிற வேலையை அதற்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

மழைக்காலத்தில் ரிமோட்டில் ‘டிரை’ மோடைப் பயன்படுத்துங்கள், ரிமோட்டில் நீர்த்துளி படம் இருக்கும். ஃபேனை மெதுவாக ஓட்டி, காற்று காயிலில் நிதானமாகப் படும்படி செய்து, அறையை உறைய வைக்காமல் முக்கியமாக ஈரத்தை எடுக்கும். ஏப்ரல் மதியத்தில் இது உதவாது. அந்த வறட்சியில் எடுக்க ஈரமே இல்லை.

அப்போ ஏர் கூலர் போதாதுங்களா?

மார்ச், ஏப்ரல் பகலுக்குப் போதும். நன்றாகவே வேலை செய்யும். காற்று வறண்டிருக்கும்போது தண்ணீர் வேகமாக ஆவியாகிச் சூட்டைக் குறைக்கும். ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அறை முழுக்க ஈரம் சேர்ந்துவிடும். மழை தொடங்கியதும் கூலரை எடுத்து வைத்துவிடுங்கள். வசதி குறைந்த வீட்டில் அந்த இரண்டு மாதத்துக்காக மட்டும் கடன் வாங்கி ஏசி போட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்.

டன்னுன்னா ஏசியோட எடையா? எங்க ரூமுக்கு எத்தனை டன் போடணும்?

எடை இல்லை. பழைய காலத்தில் ஐஸ் கட்டிகளால் குளிர்வித்த வழக்கத்திலிருந்து வந்த அளவு அது. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், நம் கணக்கில் சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை எடுத்துக்கொள்ளுமோ அதுதான் ஒரு டன். கிலோவாட்டில் சொன்னால் 3.5.

120 சதுர அடிக்குள் கீழ்த்தள அறைக்கு ஒரு டன் போதும். 150, 180 என்றால் ஒன்றரை. ஆனால் சதுர அடியை மட்டும் பார்க்கிற கடைக்காரர் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே நேரடியாக மொட்டை மாடி இருந்தால், பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் நடுராத்திரி வரை அந்தச் சூட்டை உங்கள் தலையில் இறக்கும். அப்படிப்பட்ட அறைக்கு அரை டன் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மேற்குச் சுவர் வெயிலில் இருந்தாலும் அப்படியே.

பெரிதாகவே போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சின்ன அறையில் பெரிய ஏசி, குறிப்பாகப் பழைய வகை, பத்து நிமிடத்தில் குளிரடித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும்.

ஏசிக்குக் காசு எடுத்து வைக்குமுன் மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்துப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு. அல்லது தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள், நம் பக்கம் கீற்றுக்கா பஞ்சம்? உள்ளே வராத சூட்டை வெளியேற்ற ஒரு பைசாவும் செலவில்லை. ஓட்டு வீடு என்றால் ஏசிக்கு முன்பே இடைவெளியில்லாத ஃபால்ஸ் சீலிங் கட்டாயம். ஓட்டு இடுக்கு வழியே குளிர் முழுக்க வெளியே போய்விடும்.

வருசா வருசம் கேஸ் போடணுங்களா?

வேண்டாம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேஸ் எரிபொருள் அல்ல. பைக்குக்கு பெட்ரோல் தீர்வதுபோல் அது தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டை இல்லாவிட்டால் ஏசியின் ஆயுள் முழுக்க அதே கேஸ்தான். “கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணிடலாம்” என்று ஒருவர் சொன்னால், “லீக் எங்கே?” என்று கேளுங்கள். அதைக் காட்டாமல் கேஸ் ஏற்றினால் அடுத்த கோடைக்குள் அந்தப் பணம் காற்றில் போயிருக்கும்.

கேஸ் குறைந்திருப்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் பித்தளை நட்டுகளோடு சேரும் இடத்தைப் பாருங்கள். நன்றாக ஓடும் ஏசியில் தடித்த குழாயின் நட்டு சில்லென்று வியர்த்திருக்கும். கேஸ் குறைந்தால் தடித்தது வறண்டிருக்க, மெல்லிய குழாயின் நட்டில் வெள்ளையாக ஐஸ் பிடிக்கும். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் லீக் பெரும்பாலும் அங்கேதான். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் கசியும். சோப்பு நுரை தடவினால் குமிழ் வரும்.

சரியான வேலை என்றால் இப்படி இருக்கும்: மிச்சக் கேஸை மீட்டெடுத்து, நைட்ரஜன் ஏற்றி லீக்கைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்யூம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, பிறகு ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடைக்குத் தராசு வைத்துக் கேஸ் ஏற்றுவது. இதற்கு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். கால் மணி நேரத்தில் முடிந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்ட யாரையும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் கம்ப்ரஸர் வெடிக்கும், உயிர் போகும்.

ஆர்-22, ஆர்-32, ஆர்-290ன்னு சொல்றாங்களே, எது நல்லதுங்க?

ஆர்-22 பழைய கேஸ். ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் உலகம் முழுக்க விலக்கி வருகிறார்கள். அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைப்போல் இரண்டாயிரம் மடங்கு. ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்குதான், 675. ஆர்-290 என்பது புரொப்பேன். அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆனால் நம் சமையல் கேஸ் சிலிண்டரில் இருக்கிற வகை. எளிதில் தீப்பிடிக்கும். ஆர்-410ஏ, ஆர்-32 வகைக் கேஸ்களைக் குறைக்க மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் செய்த 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது.

இன்றைக்கு வாங்குபவருக்கு ஆர்-32 சரியான தேர்வு. அதுவும் லேசாகத் தீப்பிடிக்கும் வகைதான். மூடிய அறையில் லீக்கான ஆர்-32 ஏசிக்குப் பக்கத்தில் கேஸ் டார்ச்சை நேராகப் பற்றவைக்கிற ஆளை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து, கேஸை முழுக்க வெளியேற்றிய பிறகே வெல்டிங். ஒரு கேஸுக்கான ஏசியில் இன்னொன்றை ஏற்றவும் கூடாது.

இன்வர்ட்டர் ஏசின்னா கரண்ட் போனாலும் ஓடுங்களா?

ஓடாது. பேட்டரி வைத்த வீட்டு இன்வர்ட்டர் வேறு, இது வேறு. பழைய ஏசியில் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான், முழுசாக ஓடும் அல்லது நிற்கும். இன்வர்ட்டர் ஏசியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அறை குளிர்ந்ததும் நிற்காமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது ஒரு யூனிட் கரண்டுக்கு அதிகச் சூட்டை நகர்த்தும். மிச்சம் பிடிப்பது அங்கேதான். தினம் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுபவருக்கு அந்த மிச்சம் பெரிதாகத் தெரியாது. இரவு முழுக்க ஓட்டும் வீட்டுக்குத் தெரியும்.

16ல வெச்சா சீக்கிரம் குளிருமா?

ஒரே வேக ஏசியில் ஒரு நிமிடம்கூடச் சீக்கிரம் ஆகாது. ரிமோட்டில் நீங்கள் சொல்வது எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மட்டும்தான். இன்வர்ட்டரில் தொடக்கத்தில் எப்படியும் முழு வேகம்தான். 16 என்று வைத்தால் அந்த முழு வேகத்திலேயே இரவெல்லாம் தவிக்கும்.

2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ விதித்தது. ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைக்கும்போதும் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. 26இல் வைத்து, மேலே சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டுத் தூங்கிப் பாருங்கள். ஒரு வாரம் பழகினால் 22க்குத் திரும்ப மனசு வராது.

மாசம் எவ்வளவு பில் வரும்?

ஏசி மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளைப் படியுங்கள். வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 800 என்றிருந்தால் 1600ஆல் வகுத்தால் மணிக்கு அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் என்றால் நான்கு யூனிட், மாதம் 120. மொட்டை மாடிக்குக் கீழே, ஏப்ரலில், 22 டிகிரியில் ஓட்டினால் அதைவிடக் கூடும்.

இந்த 120ஐத் தனியாகப் பார்க்காதீர்கள். கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விலை. கீழ்ப்படி யூனிட்டுகளுக்குக் குறைந்த விலையே இருக்கும். 250ஐத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் ஒரே விலை. ஃபிரிட்ஜ், மோட்டார், டிவி என்று ஏற்கெனவே 180 போகும் வீட்டில் ஏசி சேர்ந்ததும் பில் எகிறுவது அதனால்தான். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் 500 என்பதுதான் பார்க்க வேண்டிய எண். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கும் இரு மாதம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை குறையும். ஏப்ரலில் மாத நடுவே ஒருமுறை மீட்டரைப் பார்த்து வையுங்கள்.

ஸ்டெபிலைசர் வேணுங்களா?

தோட்டத்து வீடுகளுக்கு வேண்டும். ‘ஸ்டெபிலைசர் தேவையில்லை’ என்று எழுதியிருந்தால், இந்த வோல்டேஜிலிருந்து இந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்றுதான் பொருள். அந்த எண்கள் புத்தகத்தில் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடைசியில் இருக்கும் வீடுகளில், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு மாலை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்றரை டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்சிபி (கரண்ட் மீறினால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த், இவற்றில் சமரசம் வேண்டாம். பழைய ஏசியில் கம்ப்ரஸர் ‘ம்ம்’ என்று முனகிவிட்டு நின்றால், கம்ப்ரஸர் போய்விட்டது என்று நம்புமுன் அது கிளம்ப உதவும் கப்பாசிட்டரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலையாக இருக்கலாம்.

எப்ப எப்ப சர்வீஸ் பண்ணணும்?

வலை ஃபில்டரை நீங்களே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ் வருடத்துக்கு இரண்டு முறை. நம் பக்கத்தில் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். ரோட்டோரத்தைவிட வயலோர வீடுகளின் அவுட்டோர் மோசமாக அடைத்திருக்கும். கதிர் அறுப்பு மெஷின் ஓடினால் பறக்கிற உமித்தூசி அலுமினியத் தகடுகளின் நடுவே கம்பளிபோல் படிந்துவிடும். அறுப்பு முடிந்த பிறகு, கோடை முற்றும் முன் ஒரு சர்வீஸ், மழை முடிந்து இன்னொன்று.

சர்வீஸ் செய்கிறவர் இன்டோரின் காயிலை மட்டும் கழுவிவிட்டுப் போனால் பாதி வேலைதான். உள்ளே நீளமாக உருளை வடிவில் ஒரு ப்ளோயர் சுற்றும். அதன் சின்னச் சின்ன வளைந்த இறக்கைகளில் கறுப்பாக அப்பிக்கொள்ளும் அழுக்குதான் காற்று குறைவதற்கும் புளித்த வாடைக்கும் காரணம். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். அதுவும் சுத்தமானால்தான் வேலை முடிந்தது.

உள்ள தண்ணி ஒழுகுது, சில நேரம் ஐஸ் கட்டுது.

ஒழுகினால் ட்ரெயின் பைப்பில் பாசி அடைத்திருக்கும், அல்லது பைப் நடுவில் மேலேறி இறங்கும், அல்லது யூனிட் சாய்ந்திருக்கும். ஐஸ் கட்டினால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். காற்று போதவில்லையென்றால் காயில் உறைந்துவிடும். ஃபில்டர் சுத்தமாயிருந்தும் ஐஸ் என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. ஐஸைக் குத்தி எடுக்காதீர்கள். ஏசியை அணைத்து ஃபேன் மோடில் விடுங்கள், கரையும்.

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள எடுக்குமா?

எடுக்காது. உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடும். அதனால் ஏசி அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி, கரி அடுப்பு எதுவும் வேண்டவே வேண்டாம். புகை வெளியே போக வழியில்லை. சின்னக் குழந்தை தூங்கும் அறையென்றால் இன்னும் கண்டிப்பாக. படுக்கப் போகுமுன் கதவு, ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துப் பிறகு ஏசியைப் போடுங்கள்.

கோயம்புத்தூர்ல, பொள்ளாச்சில வாங்கினா விலை குறையுங்களா?

2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு வரியில் வித்தியாசமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். கடைக்குக் கடை தள்ளுபடி மாறும், அவ்வளவே. பணம் கட்டுமுன் உங்கள் கேரள பின்கோடைச் சொல்லி, மாட்டித்தர யார் வருவார், வாரன்டி சர்வீஸ் எந்த ஊர் சென்டரிலிருந்து என்று எழுதி வாங்குங்கள். இலவசமாக மாட்டித்தருவதாகச் சொல்லிவிட்டு எல்லை தாண்ட மறுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடுதல் செம்புக் குழாய்க்கு அடிக்கு எவ்வளவு என்பதையும் முன்பே பேசுங்கள்.

பல்லி புகுந்து போர்டு போயிடுச்சுன்னு சொன்னாங்க, நெசமா?

நிஜம்தான். அவுட்டோரின் எலெக்ட்ரானிக் போர்டு கதகதப்பாக இருப்பதால் பல்லியும் எறும்பும் தேடிப் போகும். இரண்டு முனைகளுக்குக் குறுக்கே பல்லி பட்டால் ஷார்ட். குழாய் நுழையும் ஓட்டைகளையும் ஒயர் வரும் துளையையும் புட்டி வைத்து அடைக்கச் சொல்லுங்கள். மாட்டும் அன்றே கேட்டால் ஐந்து நிமிட வேலை.

ஏசில சொட்டுற தண்ணியை பேட்டரிக்கு ஊத்தலாமா?

வேண்டாம். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் காயிலின் தூசியும் உலோகமும் பாசியும் அதில் உண்டு. செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். பேட்டரிக்குக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

வீடு மாத்தறோம், ஏசியை நாங்களே கழட்டலாங்களா?

கழற்றாதீர்கள். நட்டைத் திருகினால் உள்ளிருக்கும் கேஸ் முழுக்கப் பாய்ந்து போய்விடும், கை வெந்ததுபோல் உறைந்துவிடும். தெரிந்த ஆள் வந்தால் முதலில் ஏசியைக் கூல் மோடில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை அடைத்து, கேஜில் அழுத்தம் இறங்குவதைப் பார்த்து, தடித்த குழாயின் வால்வையும் அடைத்து, உடனே நிறுத்துவார். கேஸ் மொத்தமும் அவுட்டோருக்குள் அடைந்துவிடும். பம்ப் டவுன் என்பது இதுதான். பிறகு குழாய் முனைகளை டேப் போட்டு மூடிக் கட்ட வேண்டும், திறந்து கிடந்தால் ஈரம் புகும். புது வீட்டில் மாட்டும்போது பழைய ஃப்ளேரை, அதாவது குழாய் முனையின் விரிந்த விளிம்பை, வெட்டிவிட்டுப் புதிதாக விரித்து, வேக்யூம் போட்டு, அதன் பிறகே வால்வைத் திறக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு கிராம் கேஸும் வாங்க வேண்டியதில்லை. கழற்றுமுன்பே, “பம்ப் டவுன் பண்ணுவீங்களா, வேக்யூம் பம்ப் கொண்டு வருவீங்களா?” என்று போனில் கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இழுத்தால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.